இரண்டாம் தடவை வராதவர்கள்

எண்பதுகளின் கடைசியில் தேனியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. அந்த ஆஸ்பத்திரியை நடத்திய டாக்டரம்மா ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். அதில் வேலை செய்யக் கணக்குப் படித்த பெண் வேண்டும் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். நான் அப்போது உத்தமபாளையத்தில் ஒரு டுடோரியலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரைப் பத்திரிகைப் படத்தில் பார்த்ததோடு சரி. அதை ஒளிக்காமல் சொன்னேன்.

"நானும் அப்படித்தாம்மா. ரெண்டு பேரும் சேந்து கத்துக்குவோம்" என்றார் டாக்டரம்மா.

கம்ப்யூட்டர் எதற்கு என்பதை அன்றைக்கே சொல்லிவிட்டார். எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடி பந்தலில் படரும். பந்தல் தலைக்கு மேலே இருக்கும். மருந்தடிக்கிறவர் குழலை அண்ணாந்து பிடித்துத்தான் அடிக்க வேண்டும். இலையில் ஒட்டியது போக மீதி, அடிக்கிறவர் முகத்திலும் தோளிலும் இறங்கும். சீசனில் அவர்களில் யாராவது ஒருவர் தலைவலி, வாந்தி, உடம்பெல்லாம் வேர்வை என்று ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருப்பார். கண்ணின் பாப்பா ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கும். டாக்டரம்மா ஊசி போட்டு அனுப்புவார். கொஞ்ச நாளில் அதே ஆள் மறுபடி வருவார்.

ரத்தத்தில் ஒரு சத்து இருக்கிறது, பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் அது குறையும், அதை அளந்து ஓர் எண்ணாகச் சொல்ல மதுரையில் ஆள் இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா எனக்கு விளக்கினார். மருந்தடிப்பு தொடங்குமுன் ஒரு தடவை ரத்தம் எடுப்பது, சீசன் நடுவில் இன்னொரு தடவை எடுப்பது, இரண்டையும் ஒப்பிடுவது. இதுதான் திட்டம். தோட்டக்காரர்களையும் அதிகாரிகளையும் கூட்டி வைத்து முடிவைச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை.

அவருடைய வீட்டுக்காரருக்குத் தேனி பஜாரில் உரம், விதை, பூச்சிமருந்துக் கடை. அவர்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக நடத்தி வந்த கடை. டாக்டரம்மா அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த எல்லாருக்கும் அது தெரியும்.

எனக்கும் ஒரு சொந்தக் கவலை இருந்தது. என் அண்ணன் மருந்தடிக்கிறவன். சின்னமனூரைத் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் பந்தல் இருந்தது. அண்ணன் சொந்தமாக பவர் ஸ்பிரேயர் வைத்திருந்ததால் அக்கம்பக்கத் தோட்டங்களுக்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். திராட்சை இல்லாத மாதங்களில் தக்காளிக்கும் பருத்திக்கும் அடிக்கப் போவான். அவன் உடம்பிலிருந்து அந்த வாடை போய் நான் பார்த்ததில்லை.

மதுரையிலிருந்து கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பொருத்திய இளைஞர் ஒரு மத்தியானம் மட்டும் இருந்தார். கணக்குப் புரோகிராமை ஓட்டிக் காட்டினார். அவர் கொண்டுவந்த மாதிரி எண்களை அது விழுங்கி, நொடியில் சராசரியைச் சொன்னது. பார்க்க ரொம்பச் சுலபமாக இருந்தது. "எல்லாமே கையேட்டுல இருக்கு மேடம்" என்று நகலெடுத்த ஒரு கத்தைத் தாளைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் நான் தனியாக உட்கார்ந்தேன். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஒரு ஃப்ளாப்பியில் புரோகிராம், இன்னொன்றில் எங்கள் எண்கள் இருக்க வேண்டும். முதல் ஃப்ளாப்பியைப் போட்டால் கரகரவென்று ஓடி, கடைசியில் திரையோரத்தில் ஒரு சின்னக் கோடு மின்னிக்கொண்டு நிற்கும். அந்தக் கோட்டுக்கு எதிரே என்ன தட்டுவது என்று தெரியவில்லை. கையேட்டின் முன்பக்கங்கள் முழுக்க அந்தப் புரோகிராம் என்னவெல்லாம் செய்யும் என்ற பெருமைதான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எதையோ தட்டினேன். புரியவில்லை என்று பதில் வந்தது. வேறு மாதிரி தட்டினேன். அதே பதில். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. அந்த வாரம் அந்தப் பெட்டியிடம் வாங்கினேன்.

ஒருவழியாகப் பிடிபட்டது. முதலில் எண்களை ஒரு ஃபைலாகத் தட்டி வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வரி. பேருக்குப் பதில் ஓர் எண், பிறகு வயது, எத்தனை வருஷமாக மருந்தடிக்கிறார், முதல் ரத்தம், பின்னால் அது வந்ததும் இரண்டாம் ரத்தம். பிறகு புரோகிராமிடம் 'ரீட்' என்று சொல்லி, ஃபைலின் பேரைச் சொல்லி, எந்தெந்த எண் எதைக் குறிக்கிறது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அது படித்துக்கொள்ளும். 'லிஸ்ட்' என்றால் படித்ததைத் திருப்பிக் காட்டும்.

முதல் ரத்தத்தின் எண்கள் மதுரையிலிருந்து வந்ததும் தட்டினேன். லிஸ்ட் கேட்டேன். மேலே சரியாகத்தான் போனது. கொஞ்சம் கீழே வந்தால், நாலு வயசுக்காரர் ஒருவர் முப்பது வருஷமாக மருந்தடித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே எல்லாருமே கோணல். டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். காரணம் பிறகு தெரிந்தது. ஒருவருக்கு வயது தெரியவில்லை என்று அந்த இடத்தை நான் சும்மா விட்டிருந்தேன். புரோகிராம் வெற்றிடத்தைத் தாண்டிப்போய் அடுத்த எண்ணை வயதாக எடுத்துக்கொண்டது. வரி முடிவில் ஓர் எண் குறையவும் கீழ்வரியிலிருந்து ஒன்றை இழுத்துக்கொண்டது. அங்கிருந்து ஆளுக்கு ஆள் சரிந்துவிட்டார்கள். தெரியாத இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்று கையேட்டில் எங்கோ நடுவில் இருந்தது. புள்ளி வைத்ததும் எல்லாரும் அவரவர் வரிக்குத் திரும்பினார்கள். அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் டாக்டரம்மா சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

முதல் தடவை ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரி வேன் எங்கள் ஊருக்கு வந்தபோது அண்ணன் எல்லாருக்கும் முன்னால் நின்றான். "எங்க தங்கச்சி கம்ப்யூட்டருக்கு ரத்தம் வேணுமாம்ல" என்று கூட வந்தவர்களிடம் கேலி பேசினான். இரண்டாம் தடவை வேன் வந்த அன்று அவனைக் காணவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

"ஏண்ணே, நேத்து வண்டி வந்துச்சே, நீ போகலையா?"

"வேலை இருந்துச்சு."

அடுப்படியிலிருந்து மதினி சத்தம் கொடுத்தாள். "வேலையாம். வெயில் சாயிற வரைக்கும் போர்வையப் போத்திப் படுத்துக் கெடந்தாக. நீயாவது கேளு."

"நீ சும்மா இரு" என்றான் அவளிடம். என் பக்கம் திரும்பி, "அதான் முதத் தடவை குடுத்தேன்ல. அது போதும்" என்றான்.

"ரெண்டாந் தடவையும் இருந்தாத்தானேண்ணே கொறஞ்சிருக்கான்னு பாக்க முடியும்?"

"பாத்து? ஒனக்கு ரத்தம் கெட்டுப்போச்சுன்னு சொல்லுவாக. அப்பறம் எந்தத் தோட்டக்காரன் என்னையக் கூப்பிடுவான்?"

"பேரெல்லாம் வெளிய வராதுண்ணே."

"ஊரு பூராம் வண்டி முன்னால வரிசையா நிக்கிது. பேரு வேற தனியா வரணுமாக்கும்."

மதினி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். அப்படியும் விளிம்பு ஆடியது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் குடிக்காமலே கீழே வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனான்.

இரண்டாம் ரத்தத்தின் எண்களும் வந்தன. தட்டினேன். வராதவர்களுக்குப் புள்ளி வைத்தேன். அண்ணன் வரியிலும் ஒரு புள்ளி. இரண்டு ரத்தத்துக்கும் சராசரி கேட்டு, வித்தியாசமும் கேட்டேன். பிரின்டர் இழுத்து இழுத்து அடித்துக் கொடுத்த தாளை டாக்டரம்மா மேசைக்குக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அதைப் பார்த்தார்.

"கொறஞ்சிருக்கு. ஆனா பெருசா ஒண்ணுமில்லையே" என்றார். பிறகு மெல்ல, "அப்ப அவுக சொன்னதுதான் சரி போல. வெயில்ல நின்னா யாருக்கும் தலை வலிக்கும்னு சொல்லுவாக" என்றார்.

அவுக என்றது வீட்டுக்காரரை. டாக்டரம்மா முகத்தில் நிம்மதி இருந்ததா, ஏமாற்றம் இருந்ததா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வாந்தி எடுத்துக்கொண்டு வருகிறவர்களை நானே வராந்தாவில் பார்க்கிறேன். அவர்கள் எல்லாம் இந்த எண்களில் எங்கே போனார்கள்? தாளை மறுபடி எடுத்து மேலிருந்து படித்தேன். சராசரிக்கு மேலே, யாரும் கவனிக்காத ஒரு வரி இருந்தது. படித்த வரிகள் இத்தனை, கணக்கில் எடுத்துக்கொண்ட வரிகள் இத்தனை. இரண்டாவது எண் முதல் எண்ணில் ஏறக்குறையப் பாதி.

கையேட்டைத் தேடினேன். ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. ஒப்பிடும்போது ஏதாவது ஓர் இடத்தில் புள்ளி இருக்கும் வரியைப் புரோகிராம் முழுசாக ஒதுக்கிவிடும். கணக்கில் எடுத்துக்கொண்டவர்களை மட்டும் காட்டச் சொன்னேன். திரையில் வரிகள் ஏறி ஏறிப் போயின. அண்ணன் எண்ணைத் தேடினேன். இல்லை. எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் இல்லை. அவர்கள் கொடுத்த முதல் ரத்தமும் சேர்ந்து போயிருந்தது. உடம்பு நன்றாக இருந்து, இரண்டு தடவையும் வந்து நின்றவர்களின் சராசரியைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் எடுத்த எடுப்பில் ஒத்துக்கொள்ளவில்லை.

"வராதவங்களுக்கு ரெண்டாவது எண் கெடையாது. இல்லாத எண்ண நாம உண்டாக்க முடியுமா? தப்பில்லையா?"

"உண்டாக்க வேண்டாம் டாக்டர். அவங்க முதத் தடவை குடுத்தது இருக்கே. வந்தவங்க முதல் எண்ணையும் வராதவங்க முதல் எண்ணையும் தனித்தனியா வச்சுப் பாப்போம்."

அவர் யோசித்தார். "செய்" என்றார்.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் புதிதாக ஓர் எண் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை வந்தவருக்கு ஒன்று, வராதவருக்குப் பூஜ்யம். பாதி தட்டியிருக்கும்போது கரண்ட் போனது. திரை அணைந்து நான் தட்டியதெல்லாம் போய்விட்டது. அந்தக் காலத்தில் தேனியில் அது பெரிய விஷயமில்லை. கரண்ட் வந்ததும் மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை கொஞ்சம் தட்டுவதும் சேமிப்பதுமாகப் போனேன்.

விடை வந்தபோது டாக்டரம்மா என் பின்னால்தான் நின்றிருந்தார். வராதவர்களின் முதல் எண், வந்தவர்களின் முதல் எண்ணைவிட நன்றாக இறங்கியிருந்தது. சீசன் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் உடம்பில் அந்தச் சத்து தேய்ந்து போயிருந்தது. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு வெள்ளாமைக்கு அடித்துக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள்.

"இவங்களப் போய்ப் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா. குரல் மாறியிருந்தது.

ஆஸ்பத்திரி வேனில் நாங்கள் இரண்டு பேரும் ஊர் ஊராகப் போனோம். ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் ஆளை உள்ளே வைத்துக்கொண்டே இல்லை என்றார்கள். இன்னொரு வீட்டில், மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். தேவாரத்தில் ஒருவர் வாசலிலேயே கட்டிலில் படுத்திருந்தார். டாக்டரம்மா கைநாடி பார்த்தார். கண்ணை விலக்கிப் பார்த்தார். கொஞ்ச காலம் மருந்தடிக்கப் போகக் கூடாது என்றார்.

"போகலன்னா வேற வேலை நீங்க தருவீகளா?" என்று அவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டாக்டரம்மா மாத்திரையை எண்ணிக் கொடுத்தார்.

கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அது நடந்தது. நான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். வெளியே வண்டிச் சத்தமும் மதினியின் அழுகையும் ஒன்றாகக் கேட்டன. ஓடினேன். திராட்சைக் கூடை ஏற்றும் வேனில் அண்ணனைக் கிடத்திக் கொண்டுவந்திருந்தார்கள். யாரோ ஒருவருடைய பந்தலுக்கு அடித்துக்கொண்டிருந்தவன் ஸ்பிரேயரோடு சாய்ந்துவிட்டானாம். வாயில் நுரை. சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது. கால் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"சட்டையக் கழட்டுங்க. சோப்புப் போட்டு உடம்ப நல்லாக் கழுவுங்க" என்று கத்திக்கொண்டே டாக்டரம்மா ஓடி வந்தார். விஷத்தை முறிக்கிற அட்ரோபின் ஊசி போட்டார். கண்ணைப் பார்த்தார். மறுபடி போட்டார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். மதினி என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. சாயங்காலம் ஆகும்போது அவனுக்கு மூச்சு நிதானப்பட்டது. மதினியைப் பார்த்து ஏதோ சொன்னான். குழறலாக இருந்தது. ஆனால் ஸ்பிரேயரை யார் எடுத்து வைத்தார்கள் என்று கேட்டது எனக்குப் புரிந்தது.

வைத்தியத்துக்காக அன்றைக்கு அவன் ரத்தத்தை எடுத்து மதுரைக்கு அனுப்பியிருந்தார்கள். எண் வந்தது. அவ்வளவு கீழான எண்ணை நான் அதுவரை தட்டியதில்லை. டாக்டரம்மா அந்தத் துண்டுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சீசன் நடுவுல எடுத்த ரத்தந்தான். ஃபைல்ல போடலாமா? நீ சொல்லு."

எனக்குப் போட வேண்டும் போலத்தான் இருந்தது. அந்த ஓர் எண் கூட்டத்தில் எத்தனை பேர் வாயை அடைக்கும்! ஆனால் அவன் வேண்டாம் என்று சொன்னவன். "அண்ணன்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன் டாக்டர்" என்றேன்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன். மதினி முந்திக்கொண்டாள். "போடட்டும். நாலு பேருக்குத் தெரியட்டும். அப்பவாவது ஒங்களுக்குப் பயம் வருதான்னு பாப்போம்."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். "மொதல்ல குடுத்தேனே, அது நான் குடுத்தது. அத வச்சுக்க. இது நான் குடுத்த ரத்தமில்ல. நான் நெனவில்லாமக் கெடக்கும்போது நீங்க எடுத்தது."

"உன்னையக் காப்பாத்த எடுத்ததுண்ணே."

"காப்பாத்தியாச்சுல்ல? அதோட விடு ஆத்தா."

போய்ச் சொன்னேன். டாக்டரம்மா துண்டுத்தாளை அண்ணனின் கேஸ் சீட்டோடு சேர்த்து வைத்தார். "சரி. உங்கண்ணன் சொல்றதுதான் நியாயம்" என்றார். சொன்னது அப்படித்தான் என்றாலும் அவருக்கு வருத்தம்தான். எனக்கும் வருத்தம்தான். அண்ணன் மேல் கோபம்கூட வந்தது. அவன் கையால் சாப்பிட முடியாமல் மதினி ஊட்டிவிட்டதைப் பார்த்தபோது அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கூட்டம் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. தோட்டக்காரர்கள், வேளாண்மை ஆபீசர்கள், உரக்கடைக்காரர்கள் வந்திருந்தார்கள். டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு தடவையும் வந்தவர்களுக்குக் குறைவு கொஞ்சந்தான் என்பதையும் மறைக்கவில்லை. வராதவர்களின் முதல் எண்ணையும் சொன்னார்.

ஒரு தோட்டக்காரர் எழுந்தார். "வந்தவங்களுக்குப் பெருசா ஒண்ணும் ஆகலைன்னு நீங்களே சொல்றீக. வராதவங்கள வச்சு என்ன முடிவுக்கு வர முடியும்?"

"வராதவங்க ஏன் வரலைன்னுதான் நான் உங்களக் கேக்குறேன்" என்றார் டாக்டரம்மா.

ஓர் ஆபீசர் இது நல்ல முயற்சி என்று பாராட்டினார். டீ வந்தது. எல்லாரும் எழுந்தார்கள். வீட்டுக்காரர் டாக்டரம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர்கள் வீட்டில் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகொரு நாள் பஜாரில் அந்தக் கடையைத் தாண்டிப் போனபோது, கொடிய விஷம் என்று சிவப்பு முத்திரை போட்ட மருந்து டப்பாக்களை முன் அலமாரியில் காணவில்லை. எடுத்துவிட்டார்களா, உள்ளே தள்ளி வைத்தார்களா என்று நான் போய்க் கேட்கவில்லை.

சில தோட்டங்களில் வரப்போரம் ஒரு டிரம் தண்ணீரும் சோப்பும் வைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். கை நடுக்கம் முழுசாக நிற்கவில்லை. அதற்கப்புறம் அவன் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டவில்லை. ஆனால் பந்தல் இருக்கிறதே, மருந்தடிக்காமல் எப்படி விடுவது? அடுத்த சீசனுக்கு வருசநாட்டுப் பக்கமிருந்து ஒருவரைக் கூட்டிவந்தான். கல்யாணமாகிப் பிள்ளை குட்டி உள்ளவர். நான் போன அன்று அவர் பந்தலுக்கு அடியில் அண்ணாந்து அடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் வெளியே நின்று, "வாயில துணியக் கட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று கத்திக்கொண்டிருந்தான். அவர் சிரித்தபடி குழலை அடுத்த வரிசைக்குத் திருப்பினார்.

டாக்டரம்மா அந்த வருஷமும் ரத்தம் எடுக்க வேனை அனுப்பினார். மருந்தடிக்க வந்தவரிடம் ரத்தம் கொடுப்பாரா என்று நான் கேட்டேன். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பந்தலையே பார்த்துக்கொண்டு நின்றான். "குடுங்க. ஊசி ஒண்ணும் வலிக்காது" என்றான் கடைசியில்.

அவர் இரண்டு தடவையும் வந்தார். இரண்டு எண்ணும் முழுசாக இருந்தன. இரண்டாவது, முதலாவதைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். அவர் சரி என்று சொன்னதால் அண்ணனிடமும் சொன்னேன். அன்றைக்கே அவரை மருந்தடிப்பிலிருந்து நிறுத்திக் களையெடுக்க விட்டுவிட்டான். அடுத்த வாரம் நான் ஊருக்குப் போனபோது அண்ணன் வீட்டில் இல்லை. எங்கே என்று மதினியிடம் கேட்டேன்.

"கம்பத்துக்குப் போயிருக்காக. மருந்தடிக்க ஆள் பாக்க" என்றாள்.